உப்புக்காற்றும் வண்டிச் சக்கரமும்



நம் கடற்கரை ஊர்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத இல்லம் இன்று அரிது. விடியற்காலையில் ஏலத்தில் எடுத்த மீனை உள்ளூர்களுக்குக் கொண்டுசெல்வது அதுவே. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுவதும், காய்ச்சல் கண்ட குழந்தையை நள்ளிரவில் மருத்துவரிடம் சேர்ப்பதும், ஞாயிறு காலையில் குடும்பத்தைக் கோயிலுக்கு ஏற்றிவருவதும் அதுவே. இத்தனை ஊழியம் செய்யும் வண்டிக்கு நாம் பெட்ரோல் ஊற்றுகிறோம். இன்ஜின் ஆயில் மாற்றுகிறோம். ஆண்டுக்கொரு முறை இருக்கைக்குப் புது உறையும் தைத்துப் போடுகிறோம். சக்கரத்தையோ டயரில் காற்று இறங்கினாலன்றித் திரும்பியும் பார்ப்பதில்லை. நம் உயிர் முழுவதும் அந்த இரண்டு வளையங்களின்மேல் அன்றோ ஓடுகிறது! ஆகவே இம்மாதம் சக்கரத்தைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

நமக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் இல்லத்தரசி, இருவருக்கும் நடுவே சிறுமியான நம் மகள். உச்சிப்புளியைத் தாண்டியதும் வண்டியின் பின்புறம் பாம்பு நெளிவதுபோல் இருபுறமும் அசையத் தொடங்கிற்று. பஞ்சர் என்று எண்ணி, வேகத்தைக் குறைத்துச் சாலையோரம் நிறுத்தினோம். டயரில் காற்று நிறைந்தே இருந்தது. குனிந்து பார்த்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. பின்சக்கரத்தின் ஸ்போக் கம்பிகளுள் மூன்று அறுந்து தொங்கின. வேறு இரண்டு விரல் பட்டதும் ஆடின. எதிரே பேருந்து ஏதும் வராத நேரமாக அது அமைந்தமைக்கு இன்றும் நன்றி சொல்லுகிறோம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பட்டறையில் இருந்த முதியவர் சக்கரத்தைக் கழற்றிச் சுழற்றிப் பார்த்தார். பிறகு நம்மை நிமிர்ந்து நோக்கி, "தம்பி, வண்டியை எந்தத் தண்ணியில கழுவுறிய?" என்று வினவினார்.

"வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான், அண்ணாச்சி. வாரம் தவறாமல் கழுவிவிடுகிறோம்."

"அதான் சங்கதி. கழுவாமப் போட்டிருந்தாக்கூட இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்கும்."

நமக்கு நாணமாக இருந்தது. ரிம்மைக் கண்ணாடிபோல் துடைத்து வைத்திருந்தோம். ஆனால் ஸ்போக் கம்பி ரிம்முக்குள் நுழையும் நிப்பிள் என்னும் சிறு மரையைத் திருகியபோது, உள்ளிருந்து செந்தூள் கொட்டிற்று. வெளியே பளபளப்பு, உள்ளே துரு. வாரந்தோறும் நம் கையாலேயே உப்புநீரை ஊற்றி வளர்த்த துரு அது.

உப்பு செய்யும் வேலை

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூளாகி, நம் கூரையிலும் சன்னலிலும் வண்டியிலும் படிகின்றன. படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் அடுக்களை உப்புச்சாடி கசிவதை நம் தாய்மார் அறிவர். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டை எட்டும்போது தானே நீராகக் கரையும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு என்னும் உப்போ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே கரையத் தொடங்கும். கடலோரக் காற்று அந்த அளவுக்கு வறள்வது அரிது. ஆகையால் நம் கண்ணுக்கு உலர்ந்து தோன்றும் சக்கரம், உண்மையில் இரவும் பகலும் மெல்லிய உப்புநீர்ப் போர்வையைப் போர்த்தியே நிற்கிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அவ்வேலை பன்மடங்கு விரைகிறது. ரிம்மின் மேலுள்ள குரோமியப் பூச்சு மிக மெல்லியது. அதில் ஊசிமுனையிலும் சிறிய துளைகள் உண்டு. உப்புநீர் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள இரும்பைத் தின்கிறது. நாம் மேலே ஒரு கரும்புள்ளியைக் காணும்போது உள்ளே ஒரு குழியே உண்டாகியிருக்கும்.

நம் பகுதியில் இந்த அரிப்பு எத்துணைக் கடுமையானது என்பதற்குப் பாம்பனே சான்று. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பெற்ற பழைய இரயில் பாலம் 1964 டிசம்பர்ப் புயலையும் தாங்கி எழுந்து நின்றது. ஆயினும், புயலுக்கு ஈடுகொடுத்த அந்த இரும்பு, நாள்தோறும் மெல்ல உண்ணும் உப்புக்காற்றோடு ஓயாது போராடவேண்டியிருந்தது. 2022 டிசம்பரோடு அதில் இரயில் ஓடுவது நின்றது. அதன் அருகே எழுப்பப்பெற்று 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பெற்ற புதிய பாலத்தில், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் கடற்காற்றைத் தாங்கும் தனிப் பூச்சும் இடப்பெற்றுள்ளன. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்தமையால் காரைக்குடியில் எழுந்து, 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடற்காற்றில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய மண்டபத்தைக் களமாகக் கொண்டதும் இக்காரணம் பற்றியே. உலகறிந்த பாலத்தையே வருத்தும் காற்று, பென்சில் கனமும் இல்லாத ஸ்போக் கம்பியை விட்டுவைக்குமா?

1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கப்பெறும்வரை தீவுக்குச் சாலைவழியே வண்டி வர இயலாது. இன்றோ நம் வண்டிகள் நாள்தோறும் அப்பாலத்தைக் கடக்கின்றன. இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் செல்லச் சக்கரம் ஏறக்குறைய 30 ஆயிரம் தடவை சுழலவேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகுகிறது. துருவால் மெலிந்த கம்பி இதனை எத்தனை நாள் பொறுக்கும்?

எந்த நீரில் கழுவுவது?

இதுவே நம் ஊர்களில் கடினமான கேள்வி. கடற்கரைக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர். நல்ல தண்ணீருக்காக நம் பெண்கள் குடத்தோடு காத்து நிற்கின்றனர்; மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் முகந்து சேர்க்கும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. அத்தகைய இடத்தில், "வண்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்" என்று எழுதுவது எளிது, செய்வது எளிதன்று. பட்டறையிலிருந்து திரும்பிய அன்று நாம் நல்ல தண்ணீர்க் குடத்தின்மேல் கை வைத்தபோது, "குடிக்கிற தண்ணியை வண்டிக்கா ஊத்தப் போறிய?" என்று வீட்டில் மூத்தவரான அத்தை தடுத்தார்கள். அவர்கள் சொன்னது நியாயமே.

ஆகவே கணக்கிட்டுப் பார்த்தோம். வாளி வாளியாக ஊற்றினால்தான் அதிக நீர் செலவாகும். துணியை நனைத்துத் துடைத்தால் இரண்டு சக்கரங்களுக்கும் 3 லிட்டர் போதும். வாரம் ஒரு முறை என்றால், மாதத்திற்கு 12 லிட்டர். அதாவது, ஒரு குடத்திற்கும் குறைவு. இதனைக் கேட்டபின் அத்தையும் இசைந்தார்கள்.

மழைநீர் இதற்கு மிகச் சிறந்தது. தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பெற்றுள்ளது. நம் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வாடைமழையே பெருமழை. முதலில் பெய்யும் மழை கூரையிலும் மாடியிலும் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு வரும். அதனை ஓடவிட்டு, பின்னர் வரும் நீரை மூடியுள்ள பீப்பாயில் பிடித்து வைத்தால், வண்டிக்கெனப் பல மாதங்களுக்கு அது உதவும். அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. வைத்திருப்போர், அதிலிருந்து வெளியே சொட்டும் நீரை வாளியில் பிடித்துக்கொள்ளலாம். அதில் உப்பு இராது.

உங்கள் வீட்டு நீர் எப்படிப்பட்டது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. எவர்சில்வர் தட்டில் நான்கைந்து சொட்டு இட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளை வளையம் தடித்துப் படிந்தால் அந்நீர் சக்கரத்திற்கு ஆகாது. சேறு மிகுந்திருக்கும்போது வேறு வழியின்றி உவர்நீரால் கழுவ நேர்ந்தாலும், கடைசித் துடைப்பு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஆகட்டும்.

கழுவும் முறை

ஓடிவந்த வண்டி ஆறட்டும். சூடான பிரேக்கின்மேல் நீர் ஊற்றலாகாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சாவியையும் எடுத்துவிடுங்கள். சக்கரத்தைக் கையால்தான் சுழற்றவேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, சுழலும் சக்கரத்தையும் செயினையும் துணிகொண்டு துடைக்கப்போய் விரல் இழந்தவர்கள் உண்டு. சிறுவர்களை அருகில் விடாதீர்கள்.

முதலில் மணலைப் பழைய தூரிகையால் தட்டி உதிருங்கள். மணலோடு சேர்த்துத் தேய்த்தால் ரிம்மின் பூச்சு கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியை ரிம்மின் உள்வளையத்தில் ஒற்றி ஒற்றி எடுங்கள். கம்பி ரிம்மோடு சேரும் இடத்திலும், நடுவிலுள்ள ஹப்போடு சேரும் வளைவிலும் பழைய பல்துலக்கியால் தேய்க்கவேண்டும். உப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நீரில் சிறிது ஷாம்பூ கலந்துகொள்ளலாம். துணி துவைக்கும் தூள் வேண்டாம். அதிலுள்ள காரம் அலுமினியத்தைக் கெடுக்கும். புளியும் எலுமிச்சையும் செப்புப் பாத்திரத்திற்கு நல்லவை. ரிம்மில் தேய்த்தால் கறை நீங்கும், ஆனால் இடுக்கில் தங்கும் புளிப்பு புதுத் துருவுக்கு வித்தாகும்.

பிறகு பழைய பனியன் துணியால் ஈரம் போகத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். நன்கு உலர்ந்தபின், தையல் இயந்திரத்திற்கு இடும் எண்ணெயைத் துணியில் சில சொட்டு எடுத்து, கம்பிகளிலும் நிப்பிள்களிலும் ரிம்மின் உட்புறத்திலும் மெல்லப் பூசுங்கள். தடவியது தெரியாத அளவே போதும். டயரிலும், டிஸ்க் பிரேக்கின் தட்டிலும் ஓர் எண்ணெய்த் துளியும் படலாகாது. பட்டால் வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது. கழிவு ஆயிலை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் அமிலமும் கரியும் உண்டு. வழிந்து டயரிலும் இறங்கும். ரப்பரை மண்ணெண்ணெயால் துடைப்பதும் தவறு. அது ரப்பரை ஊதி இளகச் செய்யும்.

நீர் பீய்ச்சும் குழாயை ஹப்பின்மேல் நேரே பிடிக்காதீர்கள். உள்ளிருக்கும் பேரிங்கின் கிரீஸ் கரைந்து, அவ்விடத்தில் நீர் புகும். கடற்கரை மணலிலோ, தேங்கிய கடல்நீரிலோ வண்டி இறங்கியிருந்தால் வெளியே கழுவுவது மட்டும் போதாது. பட்டறையில் டிரம்மைத் திறந்து பார்க்கச் செய்யவேண்டும். டிரம்முக்குள் உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைப்பதே நன்று.

அலாய் வீல் உள்ளவர்கள் தமக்குத் துருக் கவலை இல்லையென்று எண்ண வேண்டாம். அலுமினியத்தில் செந்துரு வராது. ஆனால் பூச்சு பெயர்ந்த இடத்தில் வெண்தூள் பூக்கும். டயரின் விளிம்பு அமரும் இடத்தில் அது பரவினால், டியூப் இல்லாத டயரில் காற்று மெல்லக் கசியும். வாரந்தோறும் காற்று குறைந்தால் ஆணியை மட்டும் தேடாமல் ரிம்மின் விளிம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு நிமிடச் சோதனை

கழுவும் நாளிலேயே ஒரு சிறு ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் மெல்லத் தட்டிக் கேளுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். மந்தமான ஒலி கேட்டாலோ, சுழற்றும்போது ரிம் இப்பக்கமும் அப்பக்கமும் ஆடினாலோ, கோட்டம் எடுப்பவரிடம் உடனே காட்டுங்கள். ஒரு கம்பி அறுந்தால் அதன் சுமையைப் பக்கத்துக் கம்பிகள் ஏற்கின்றன. பின்னர் அவையும் அறுகின்றன. நமக்கு நேர்ந்தது இதுவே. அத்தோடு, இருவருக்கென அமைந்த வண்டியில் மூவரும் நால்வரும் ஏறுவது சட்டத்திற்கும் மாறு, சக்கரத்திற்கும் பெருஞ்சுமை. அன்று அக்குற்றத்தை நாமும் செய்தோம் என்பதை மறைக்கவில்லை.

பின்சக்கரத்தின் பக்கத்திலுள்ள சேலைக்காப்பையும் அசைத்துப் பாருங்கள். அதன் அடியிலுள்ள பிடிப்புகள் உப்புக்காற்றில் விரைவில் அரிபடும். சேலைத் தலைப்பும் தாவணியும் சக்கரத்தில் சுற்றி நேர்ந்த துயரங்களை நாம் கேட்டதில்லையா?

மீன்பெட்டி கட்டும் வண்டிகளுக்கு ஆபத்து மிகுதி. பனிக்கட்டி உருகி, மீன்நீரோடு கலந்து, பின்சக்கரத்தின் மேலேயே நாளெல்லாம் சொட்டுகிறது. பெட்டியின் அடியில் ஒரு தட்டு வைத்து, அதிலிருந்து சிறு குழாய் ஒன்றைச் சக்கரத்திற்கு அப்பால் இறக்கிவிட்டால் பாதி நோய் தீரும். இவ்வண்டிகளை வாரம் ஒரு முறை துடைப்பது போதாது. வியாபாரம் முடிந்த ஒவ்வொரு நாளும் பின்சக்கரத்தை மட்டுமாவது நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்தல் வேண்டும்.

ஓய்வில் நிற்கும் வண்டி

ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியே நம் கரையில் விரைவில் கெடுகிறது. நம் கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாளில் வேலை தேடி வெளியூர் செல்வோர் பலர். வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களின் வண்டிகளோ ஆண்டுக் கணக்கில் நிற்கின்றன. அங்ஙனம் விட்டுச்செல்லுமுன், மேற்சொன்னபடி நல்ல தண்ணீரால் துடைத்து, முற்றிலும் உலர்த்தி, கம்பிகளுக்கும் ரிம்முக்கும் எண்ணெய்க்குப் பதிலாக வாசலினையோ கிரீஸையோ மெல்லிதாகப் பூசுங்கள்.

வண்டியை வெறும் மண்ணில் நிறுத்தாதீர்கள். பலகை இட்டுச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரில் காற்று உரிய அளவில் இருக்கட்டும்; அந்த அளவு பெரும்பாலும் வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். வீட்டிலுள்ளோர் பதினைந்து நாளுக்கொரு முறை சக்கரங்களைக் கையால் அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால், டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகாது. பேரிங்கின் கிரீஸும் ஓரிடத்தில் தேங்காது. வலையும் கருவாட்டுக் கூடையும் வைத்துள்ள கொட்டகையில் வண்டியை விடாதீர்கள். வலையிலுள்ள உப்பே போதும், வண்டியைத் தின்ன. பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடுவதும் கேடு. உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். பழைய பருத்திச் சேலையோ வேட்டியோ போர்த்தி, அடியில் காற்று புக இடம் விடுங்கள்.

நீண்ட நாள் நின்ற வண்டியை எடுக்கும் அன்று, முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ தேயாமலிருந்தாலும், ரப்பர் வெடிப்புக் கண்டிருந்தால் அந்த டயர் ஆகாது. பிரேக் பிடிக்கிறதா என்று தெருவிலேயே மெல்ல ஓட்டிச் சோதித்தபின் சாலைக்குச் செல்லுங்கள்.

நாம் பட்டறையிலிருந்து பழைய கம்பிகளுள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அடுக்களைச் சன்னலருகே ஆணியில் மாட்டியுள்ளோம். மேற்பாதி இன்றும் வெள்ளிபோல் மின்னுகிறது. கீழ்நுனி மட்டும் கரையான் தின்றாற்போல் மெலிந்திருக்கிறது. சனிக்கிழமை மாலையில் அதனைக் கண்டதும், மகளே துணியையும் மூன்று லிட்டர்ப் பாத்திரத்தையும் எடுத்து வருகிறாள். சக்கரத்தைச் சுழற்றி ஒலி கேட்பது அவளுடைய வேலை. "எல்லாம் நல்லாப் பாடுது, அப்பா" என்று அவள் சொன்ன பின்னரே, மறுநாள் காலையில் இல்லத்தரசியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுக்கிறோம். மகள் தன் சைக்கிளில் முன்னே செல்கிறாள்.

வரும் சனிக்கிழமை உங்கள் இல்லத்திலும் ஒருவர் சக்கரத்தைத் தட்டிக் கேட்கட்டும்.